குக்குலு என்கிற மைசாட்சி: ஒரு முள்செடியின் கதை



போன வாரம் ஒரே செடியைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். என் அக்கா மகன் போனில், "சித்தி, ஏரிக்கு மேலண்டை சும்மா கிடக்கிற ஒன்றரை ஏக்கர்ல குக்குலு போடலாமா? நாத்தும் அவங்களே தர்றாங்களாம், பிசினையும் அவங்களே வாங்கிக்கிறாங்களாம்" என்றான். இரண்டு நாள் கழித்து, என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது அவளே பேரன் எடுத்துவிட்டாள், "டீச்சர், கொலஸ்ட்ராலுக்கு குக்குலு மாத்திரை நல்லதாமே, டாக்டர் கொடுத்ததை விட்டுட்டு அதைச் சாப்பிடலாமா?" என்று எழுதியிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய புத்தகங்களை எடுத்ததும் விஷயம் நீண்டுவிட்டது. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாட்டு மருந்துக் கடையில் போய் "குங்கிலியம் கொடுங்க" என்றால் பொதுவாகக் கிடைப்பது சால மரத்தின் பிசின். தீப்புண்ணுக்குப் போடும் குங்கிலிய வெண்ணெய் அதில் செய்வதுதான். கருங்குங்கிலியம் என்பது மேற்கு மலைக் காட்டில் உள்ள வேறொரு பெரிய மரத்தின் பிசின். வெள்ளிக்கிழமை நாம் போடும் சாம்பிராணி சுமத்ரா பக்கத்து மரம். குக்குலு இவை எதுவும் அல்ல. அதற்குத் தமிழில் மைசாட்சி என்றும், எருமைக்கண் குங்கிலியம் என்றும் பெயர் உண்டு. மகிஷாட்சி என்பதுதான் மைசாட்சி ஆயிற்று. மகிஷம் எருமை, அட்சி கண். நல்ல குக்குலுக் கட்டியைப் பார்த்தால் எருமையின் கண் போலவே கறுத்து மினுமினுக்கும். பெயர் வைத்தவர் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இந்தப் பிசினைத் தருவது மரமும் அல்ல. ஆள் உயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை வளரும் ஒரு முள்புதர். பட்டை காகிதம் போல உரிந்து உரிந்து வரும். ஆண்டில் பாதிக்கு மேல் இலையே இருக்காது, செத்த குச்சி என்று நினைத்துவிடுவோம். ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச், அதற்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான் ஆகிய பாறையும் மணலுமான வறண்ட நிலம்தான் அதன் வீடு.

அப்படியானால் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நம் கூரத்துச் செப்பேட்டைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று நம் ஊரில் எழுந்த சிவன் கோயிலுக்கு பரமேசுவரமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தான். பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி, பரமேசுவர தடாகம் என்ற நம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த செய்தியும் அதில் இருக்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததும் இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்த இடமே அதுதான். 1,300 வருஷத்துக்கு முன்னால் ஊர் கூடி உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறது. ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதைப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890இல் அச்சிட்டார்.

அந்தச் செப்பேட்டில் கோயில் செலவுகளின் பட்டியல் வருகிறது. நீராட்டு, பூ, வாசனைப் பொருள், தூபம், விளக்கு, நைவேத்தியம், சங்கு, முரசு என்று போகும். பல தடவை படித்த வரிதான். இந்த முறை "தூபம்" என்ற சொல்லில் கண் நின்றது. எந்தப் பிசின் என்று செப்பேடு சொல்லவில்லை. ஆனால் தூபம் போட வேண்டுமென்றால் பிசின் வேண்டும், அது ஏரிக்கரையில் விளையாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. அரிசியும் எண்ணெயும் ஊரிலேயே விளையும், தூபம் வியாபாரியின் மூட்டையில் வர வேண்டும். அரசன் மானியத்தில் அதற்கும் சேர்த்து ஒதுக்கியதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தூபச் சரக்கு விலை பெற்றது என்பதற்குப் பெரியபுராணத்திலேயே சாட்சி இருக்கிறது. திருக்கடவூர்க் குங்குலியக்கலய நாயனார் வீட்டில் பிள்ளைகள் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறார். வழியில் ஒரு வணிகன் குங்குலியப் பொதியோடு வருகிறான். தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டு போய்விடுகிறார் இவர். பக்திக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் அந்த அம்மாவையும் நினைப்பேன். அது இருக்கட்டும். ஒரு பொதி தூபப் பிசின் ஒரு பொன் தாலி பெறும் என்பதைக் கேட்டு அந்தக் காலத்தில் யாரும் வியக்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

மைசாட்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரங்கள் உண்டு. அதர்வ வேதத்திலேயே இதன் வாசனை பட்டவனை நோய் அண்டாது என்ற கருத்து வருகிறது. அங்கேயே இது சிந்துவிலிருந்து வருவது, அல்லது கடல் வழியே வருவது என்றும் குறிப்பு இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு நமக்கு முசிறியையும் மிளகையும் சொல்லும் நூல். அதில் இந்தப் பிசினின் கிரேக்கப் பெயர் "ப்டெல்லா" என்று வருகிறது. எந்தத் துறைமுகத்தில்? சிந்து நதி முகத்துவாரத்துப் பார்பரிகோனிலும், குஜராத்தின் பாருகச்சத்திலும், அதாவது இன்றைய பரூச்சிலும். முசிறியில் ஏற்றிய சரக்குகளில் மிளகு, முத்து, யானைத் தந்தம், பட்டு எல்லாம் இருக்கின்றன, இது மட்டும் இல்லை. அன்றைக்கே அது வடமேற்குச் சரக்குத்தான். இரண்டாயிரம் வருஷமாக அது தன் வீட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் அதன் அறிவியல் பெயரில் மட்டும் நம் சென்னை ஒட்டிக்கொண்டிருக்கிறது. காமிஃபோரா வைட்டியை என்பது பெயர். வைட் என்பது ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக 1819இல் சென்னைக்கு வந்தவர். 1853 வரை இங்கேதான் இருந்தார். கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் சோதனைக்குப் பொறுப்பாக 1842 முதல் பத்து வருஷத்துக்கு மேல் இருந்ததும் அவர்தான். தென்னிந்தியச் செடிகளை 2,000க்கு மேற்பட்ட படங்களாக அச்சிட்டார். அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் இனத்துக்கே வைட் சூட்டினார் என்பதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. வரைந்தவன் பெயரை யார் நினைக்கிறார்கள்! வைட்டின் நண்பர் ஆர்னாட் 1839இல் நம் குக்குலுச் செடிக்கு வைட்டின் பெயரை வைத்தார். பத்து வருஷம் கழித்து சிந்துவில் இருந்த ஸ்டாக்ஸ் என்பவர் அதே செடிக்கு முகுல் என்று வேறு பெயர் வைத்தார். பழைய மருந்துப் புத்தகங்களில் முகுல் என்றுதான் இருக்கும். முந்திய பெயர்தான் நிற்கும் என்பது தாவரவியல் விதி. அதனால் 1960களில் பந்தாரி என்ற இந்திய அறிஞர் வைட் பெயரையே நிலைநாட்டினார்.

சரி, கொலஸ்ட்ரால் கேள்விக்கு வருகிறேன்.

ஆயுர்வேதத்தில் குக்குலுவைத் திரிபலைக் கஷாயம் போன்றவற்றில் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். யோகராஜ குக்குலு, கைசோர குக்குலு என்று பல மருந்துகள் மூட்டு வலிக்கும் மற்ற நோய்களுக்கும் நெடுங்காலமாக உண்டு. சுசுருத சம்ஹிதையில் உடலில் கொழுப்பு மிகுந்து வரும் நோயைப் பற்றிய பகுதியில் குக்குலு சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பழைய வரியை ஒரு பெண் சோதனைச் சாலைக்குக் கொண்டு போனார். பெயர் ஜி. வி. சத்யவதி. காசி இந்து பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொழுப்பு உணவு கொடுத்து, குக்குலு அதைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்து 1966இல் ஆய்வேடு கொடுத்தார். குறைந்தது. அவர் பிற்பாடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். என் பழைய மாணவிகள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த வழியில் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் குக்குலிப்பிட் என்ற மருந்தை உருவாக்கி, 1980களின் பிற்பாதியில் அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. வெளிநாட்டிலும் பெயர் பரவியது. 2002இல் அமெரிக்க விஞ்ஞானிகள், பிசினில் உள்ள குக்குல்ஸ்டீரோன் என்ற பொருள் கல்லீரலில் எப்படி வேலை செய்கிறது என்று "சயன்ஸ்" இதழில் எழுதினார்கள். எல்லோரும் வெற்றி என்று நினைத்த நேரத்தில், 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். 103 பேர், 8 வாரம். சிலருக்குக் குக்குலு, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது. முடிவு என்ன தெரியுமா? வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 5 சதவீதம் குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியது. சிலருக்கு உடம்பில் தடிப்பும் வந்தது.

அவர்கள் உணவு வேறு, உடம்பு வேறு என்று இந்தியாவில் சிலர் வாதிட்டார்கள். இருக்கலாம். ஆனால், அம்மா, உனக்கு நான் சொல்வது இதுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே. குக்குலு சாப்பிட வேண்டுமென்றால் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போய், ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று சொல்லிவிட்டுக் கேள். போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்து வாங்காதே. பழைய நூலில் இருக்கிறது என்பது ஆராய்ச்சியைத் தொடங்க நல்ல காரணம். மருந்தை மாற்ற அது போதாது. சத்யவதி அம்மையாரே நூலைப் படித்ததோடு நிற்கவில்லையே, முயலைத் தேடிப் போனாரே.

இந்த மருந்துப் புகழால் செடிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என்னை உறுத்துவது.

பிசின் எடுப்பது இப்படி. குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை, தண்டின் பட்டையில் கத்தியால் மெல்லிய கீறல் போடுவார்கள். மஞ்சள் கலந்த வெண்மையாகப் பால் போலக் கசியும். காற்றுப் பட்டு இறுகிப் பழுப்பாகும். சில நாள் விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். பக்குவமாகக் கீறினால் ஒரு செடியில் ஒரு பருவத்துக்கு 200 முதல் 500 கிராம் வரை கிடைக்கும். அவ்வளவுதான். கீறல் ஆழமாகப் போனால் செடிக்குச் சேதம். விலை ஏற ஏற, பக்குவம் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. குதிரை மூத்திரம், மயில்துத்தம், பழைய பிசின் இவற்றைக் குழைத்து வெட்டில் பூசுவார்கள். பிசின் கொட்டும், செடி செத்துப்போகும். கூலிக்குப் போகிறவர் வயிற்றுப்பாடு ஒரு பக்கம். அது தன் நிலம் இல்லை, இன்று நான் எடுக்காவிட்டால் நாளை இன்னொருவன் எடுப்பான் என்ற எண்ணம் மறு பக்கம். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தார் எத்திஃபான் என்ற மருந்தை அளவாகச் செலுத்திப் பல மடங்கு பிசின் எடுக்கும் முறையை 1980களில் கண்டுபிடித்தார்கள். அளவோடு நிறுத்துகிற கை வேண்டுமே.

செடி தானாகப் பெருகுவதும் மெதுவாகத்தான். இதில் ஓர் அதிசயம் உண்டு. குக்குலுவில் பெண் செடிகள்தான் ஏறக்குறைய எல்லாமே, ஆண் செடியைக் காண்பது அபூர்வம். ஆண் மகரந்தம் இல்லாமலேயே பெண் செடி விதை பிடிக்கிறது என்று டெல்லிப் பல்கலைக்கழகத்தார் 1990களில் காட்டினார்கள். விதை தாயின் நகல்தான். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கதி என்பது இதில் உள்ள ஆபத்து. விதை முளைப்பும் குறைவு. 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தச் செடியை மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்தது. ராஜஸ்தானில் வினீத் சோனி என்ற தாவரவியல் ஆசிரியர் 2007 முதல் குக்குலுவைக் காப்போம் என்று ஊர் ஊராக இயக்கம் நடத்தினார். அஜ்மீர் அருகே மாங்க்லியாவாசில் ஆயுர்வேத ஆராய்ச்சிக் கழகத்தின் குக்குலுப் பண்ணை ஒன்று உண்டு. 2000இல் அமைந்த தேசிய மருத்துவத் தாவர வாரியமும் நடவுக்குப் பணம் தருகிறது.

ஆகவே பயிரிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. காட்டில் வெட்டுவதை நிறுத்த வேண்டுமானால் வயலில் விளையத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

தம்பி, கணக்குப் போடு. குக்குலு போடுவது சுலபம். கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைந்த கிளையை ஒரு சாணுக்கு மேல் வெட்டி, ஜூன் ஜூலையில் மணலில் ஊன்றினால் வேர் விடும். அடுத்த மழைக்கு வயலில் வைக்கலாம். இரண்டு மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 செடி. பிசின் கீற எட்டு முதல் பத்து வருஷம் ஆகும். அதற்கு முன்னால் கீறினால் செடி தாங்காது. அந்த எட்டு வருஷம் உனக்கு வருமானம்? நாற்று விற்றவர் எட்டாவது வருஷம் போனை எடுப்பாரா? ஈரோட்டுப் பக்கம் ஈமு கோழி வளர்த்து 2012இல் ஏமாந்தவர்களை மறந்துவிட்டாயா? அவர்களுக்கும் "நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்றுதான் சொன்னார்கள். எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையில் நிலவாகை, மூலனூர் ஒட்டன்சத்திரம் பக்கம் செங்காந்தள், சேலத்தில் மருந்துக் கூர்க்கன் என்று மூலிகை போட்டுப் பிழைத்தவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அவை அந்தந்த மண்ணுக்கு ஒத்த பயிர், சில மாதங்களிலோ சில வருஷங்களிலோ பலன் தருபவை.

அடுத்தது தண்ணீர். கட்ச்சில் ஆண்டு மழை 400 மில்லிமீட்டர் அளவு. நமக்கு 1,000க்கு மேல், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். ஏரிக்கு மேலண்டை என்றால் தை மாதம் வரை கால் வைத்தால் புதையும் என்று உனக்கே தெரியும். தண்ணீர் நின்றால் குக்குலு வேர் அழுகும். பல்லவன் வெட்டிய ஏரியை வைத்துக்கொண்டு பாலைவனச் செடியை வளர்க்கப் பார்க்காதே. மேட்டில், சரளையில் பத்துக் குச்சி வைத்துப் பார், ஆசைக்கு. ஒன்றரை ஏக்கருக்கும் நாற்றுப் பணம் கட்டாதே.

பல்லவர் செப்பேடுகளில் மருந்துச் செடியையும் வாசனைச் செடியையும் நடுவதற்கு அரசன் அனுமதி வேண்டும் என்ற வழக்கம் தெரிகிறது. செங்கொடி, தமனகம், செங்கழுநீர் இவற்றுக்கெல்லாம் காணம் என்று வரி இருந்தது. அன்று நட வேண்டாம் என்று அரசன் தடுத்தான். இன்று நடு நடு என்று கம்பெனிக்காரன் துரத்துகிறான்!

குக்குலுவின் உடன்பிறப்பு ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் கிளுவை. அதே காமிஃபோரா இனம், அதே உரியும் பட்டை, முள். முள்கிளுவையை வேலியாக வைப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். திருப்பூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது காங்கேயத்துக் கொரங்காடுகளைப் பார்த்தேன். கொரங்காடு என்பது மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகள் அதற்குள்ளே மேய்கின்றன. கம்பியும் இல்லை, கல்தூணும் இல்லை. குச்சியை வெட்டி மழைக்கு நெருக்கமாக ஊன்றி, கிளைகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டால் வருஷா வருஷம் அடர்த்தியாகிறது. அங்கே ஒரு பெரியவர், "எங்க தாத்தா வச்ச வேலிங்க" என்று தட்டிக் காட்டினார். காங்கேயம் காளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேலியையும் பேச வேண்டும். வேலி போனால் கொரங்காடு போகும், கொரங்காடு போனால் மாடும் போகும்.

என் சிறுவயதில் நம் பக்கத்துக் கொல்லைகளிலும் கிளுவை வேலி இருந்தது. ஆடு தழையைக் கடிக்கும், குச்சியை ஒடித்தால் ஒரு வாசம் வரும். இப்போது எல்லாம் முள்கம்பியும் சிமெண்ட் தூணும். தம்பி, உன் ஒன்றரை ஏக்கரின் மேட்டு வரப்பில் கிளுவைக் குச்சி ஊன்றலாம். அதற்கு யாரும் நாற்றுப் பணம் கேட்க மாட்டார்கள். காஞ்சிபுரம், உத்திரமேரூர், மாகறல் பக்கம் யார் வீட்டிலாவது பழைய கிளுவை வேலி இன்னும் இருந்தால் ஒரு படம் போடுங்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் சொல்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். ஆடி மாத மழைக்கு முன்னால் நாலு கட்டுக் குச்சி எனக்கும் வேண்டும். வந்து எடுத்துக்கொள்கிறேன்.